காசிமேட்டுல முதல் ஆவணப்படம்: கேமரா வாங்கணுமா, முதல்ல எதைக் கத்துக்கணும்?

#1 பெரம்பூர்_பையன்

எல்லாருக்கும் வணக்கம். ஆவணப்படமும் ஒளிப்படமும் முறையா கத்துக்கணும். கல்லூரியில சேர வழியில்ல, சனி ஞாயிறு மட்டும்தான் நேரம். கையில மூணு வருஷப் பழைய போன் ஒண்ணு, சேர்த்து வச்ச 40,000 ரூபாய். சென்னை காசிமேடு துறைமுகத்து மீன் ஏலத்தைப் பத்து நிமிஷப் படமா எடுக்கலாம்னு நினைக்கிறேன். பழைய மிரர்லெஸ் கேமரா ஒண்ணு வாங்கினா மொத்தப் பணமும் போயிடும். வாங்கலாமா? அதே இடத்துல ஒளிப்படத் தொகுப்பும் சேர்த்துப் பண்ண முடியுமா?

#2 ராயபுரம்_லென்ஸ்

கேமரா இருக்கட்டும். முதல்ல ஏலத்தை விடுங்க தம்பி. அது பார்க்க அழகா இருக்கும், பழக ஆகாது. விடியறதுக்கு முன்னாடியே பாதி முடிஞ்சிடும். வெளிச்சம் மேலேயிருந்து அடிக்கிற ஃபிளட்லைட்டு, தரை முழுக்க ஐஸ் தண்ணி, ஒரே நேரத்துல இருபது பேர் கத்துறாங்க, ஒருத்தரும் உங்களுக்காக ஒரு நொடி நிக்க மாட்டாங்க. முக்கியமா, ஒரு செயல் திரும்ப நடக்காது. தவறவிட்ட ஷாட் போனதுதான்.

புதுசா கத்துக்கறவங்களுக்குத் திரும்பத் திரும்ப நடக்கிற வேலைதான் சரி. கிழிஞ்ச வலையைச் சரி பண்றவர் ஒரே முடிச்சை ஒரு மணி நேரத்துல நூறு தடவை போடுவார். முதல் தடவை அகலமா எடுக்கலாம், பத்தாவது தடவை கை, முப்பதாவது தடவை முகம். எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டும்.

கிழக்குக் கடற்கரையில மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகு எல்லாம் கரையில நிக்கும். பெயிண்ட், என்ஜின் வேலை, வலை வேலைன்னு இருப்பாங்க, பேச நேரமும் இருக்கும். ஃபைபர் படகுக்காரங்களுக்குத் தடை கிடையாது, அவங்க போய்ட்டு வந்துட்டுதான் இருப்பாங்க. அதனால மீனே இல்லாத துறைமுகமாவும் தெரியாது. இப்பவே நாலு ஞாயித்துக்கிழமை கேமரா இல்லாம போய் உக்காருங்க. ஏப்ரல்ல தொடங்குங்க.

#3 ஒலிக்காரி

லென்ஸ் அண்ணன் சொன்னது சரி. 40,000-க்கு என் கணக்கு வேற: கேமராவுக்கு இப்போ ஒரு பைசா வேணாம். போனே போதும். காலர் மைக் செட் ஒண்ணு (பேசறவர்கிட்ட மாட்டற டிரான்ஸ்மிட்டர்லயே பதிவாகற வகையா பார்த்து வாங்குங்க), காதை முழுசா மூடற ஹெட்போன், ஒரு டிரைபாட், ரெண்டு ஹார்ட் டிஸ்க். மிச்சத்தை வச்சிருங்க.

டிரான்ஸ்மிட்டர்ல பதிவு ஏன் முக்கியம்னா, இந்த வயர்லெஸ் மைக்குகள்ல பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ஓடுது. சுத்தி இருக்கிற பல வைஃபையும் ப்ளூடூத்தும் அதே அலைவரிசைதான். கூட்டத்துல, நடுவுல ஒரு ஆள் குறுக்க நின்னாலே சத்தம் விட்டு விட்டு வரும். மனுஷ உடம்புல இருக்கிற தண்ணி அந்த அலையை உறிஞ்சிடும். பேசறவர் முதுகைக் காட்டித் திரும்பினாலும் இதே கதி. உள்ளேயே பதிவாகியிருந்தா அந்த இடத்தை மட்டும் அதுலேருந்து எடுத்து ஒட்டிக்கலாம்.

மைக் மாட்டற இடம்: வாயிலேருந்து ஒரு சாண் கீழே, நடுமார்புல. பெண்கள் கட்டியிருக்கிறது பருத்திப் புடவைன்னா தோள் மடிப்போட ஓரத்துல வைங்க. சிந்தடிக், பட்டுன்னா துணியே சரசரக்கும், மைக்குக்கு ரெண்டு பக்கமும் சர்ஜிக்கல் டேப் போட்டுத் துணி நகராம பண்ணணும். தாலிச் சங்கிலி மைக்குல 'டிக் டிக்'னு தட்டிட்டே இருக்கும். கழட்டச் சொல்லவே கூடாது, மைக்கை ஒரு பக்கமா தள்ளிடுங்க. வலைக்காரர் சட்டையில்லாம உக்காந்திருந்தா, கழுத்துல இருக்கிற துண்டுல மாட்டலாம். ஆனா அவர் வேர்வை துடைக்க அதைத்தான் எடுப்பார், பார்த்துக்குங்க.

அளவு: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். சாதாரணப் பேச்சு மீட்டர்ல மைனஸ் 18-லிருந்து மைனஸ் 12 டெசிபல் வரை ஆடணும், உரக்கப் பேசினாலும் மைனஸ் 6-ஐத் தாண்டக் கூடாது. '32 பிட் ஃப்ளோட் இருக்கு, அளவே பார்க்க வேணாம்'னு விளம்பரம் சொல்லும். மைக் சரியா வாங்கின சத்தத்தைத்தான் அது காப்பாத்தும். கடல்காத்து மைக்கோட சவ்வையே அமுக்கிட்டா எந்த பிட்டும் காப்பாத்தாது. மைக் மேல மாட்டற ரோமக் கவசம் இல்லாம காசிமேட்டுக்குப் போகாதீங்க.

#4 கடற்கரைச்சாலை

சவுண்டு சவுண்டுன்னு எல்லா இழையிலயும் இதே பல்லவிதான். போன்ல எடுத்தா பெரிய திரையில தெரியும் பாருங்க அசிங்கம். ஒரு நல்ல 50 மிமீ லென்ஸ் கத்துக் கொடுக்கறதை போன் கத்துக் கொடுக்காது. பையன் ஒளிப்படமும் கேக்கறார், அதை மறந்துட்டீங்க.

#5 ராயபுரம்_லென்ஸ்

ஒளிப்படத்துக்குக் கேமரா வேணும்கறதுல எனக்கும் மறுப்பு இல்ல. வாடகைக்கு எடுக்கலாம், ஒரு சனி ஞாயிறுக்கு. சென்னையில அதுக்குக் கடைகளுக்குப் பஞ்சமே இல்ல. ஆனா போனோ கேமராவோ, இங்க எல்லாரும் செய்யற மூணு தப்பு ஒண்ணுதான்.

முதல் தப்பு, ஷட்டர், அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வெளிச்சத்தை உள்ளே விடற நேரம். நம்ம மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட்டும் மலிவு எல்இடியும் நொடிக்கு நூறு தடவை மினுக்கும். போன் வழக்கமா நொடிக்கு 30 ஃபிரேம்ல (தனிப்படம்) இருக்கும். அதுக்கு ஏத்த மாதிரி ஷட்டரை 1/60-ல வச்சா ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வேற வேற அளவு வெளிச்சம் கிடைக்கும், படத்துல பட்டை பட்டையா ஓடும். அதை எடிட்டிங்ல சுத்தமா எடுக்க முடியாது. 25 ஃபிரேம், ஷட்டர் 1/50ன்னு பூட்டி வைங்க. ஸ்லோ மோஷன் வேணும்னா 50 ஃபிரேம், 1/100. போனோட சொந்த ஆப்ல பூட்ட முடியாட்டி, பிளாக்மேஜிக் கேமரா ஆப் இலவசம்.

ரெண்டாவது, என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்க லென்ஸ் முன்னாடி மாட்டற கறுப்புக் கண்ணாடி) இல்லாம மதியத்துல போறது. உச்சி வெயில்ல ஐஎஸ்ஓ (கேமராவோட வெளிச்ச உணர்வு அளவு) 100, ஷட்டர் 1/50 வச்சா லென்ஸ் துளையை எஃப்/22 வரைக்கும் மூடணும். துளையை அகலமா திறந்து எஃப்/4-ல எடுக்கணும்னா அஞ்சு ஸ்டாப் குறைக்கணும் (ஒரு ஸ்டாப் குறைஞ்சா வெளிச்சம் பாதி), அதாவது என்டி32. லாக் (பின்னாடி நிறம் சரிபண்ண வசதியா மங்கலா பதியற முறை) போட்டா பல கேமராவுல ஐஎஸ்ஓ 800-க்குக் கீழே இறங்காது. இன்னும் மூணு ஸ்டாப் கூடி என்டி256-ல வந்து நிக்கும். திருகற வகை என்டியை அதோட கடைசி அளவு வரைக்கும் திருகினா வானத்துல எக்ஸ் மாதிரி கறுப்பு விழும், கடைசி ஒரு ஸ்டாப்பைத் தொடாதீங்க. பெரும்பாலான போன்ல துளை மாத்தவே முடியாது. ஒரு கிளிப் மாட்டற என்டி இல்லேன்னா ஷட்டர் 1/2000-க்கு ஓடிடும், வலை ஊசி வெட்டி வெட்டிப் போகும்.

மூணாவது, ஆட்டோ வொயிட் பேலன்ஸ், அதாவது வெளிச்சத்தோட நிறத்தைக் கேமராவே ஊகிச்சுச் சரி பண்றது. பேட்டி நடுவுல நீல லுங்கிக்காரர் ஒருத்தர் பின்னாடி நடந்து போனா முகம் ஆரஞ்சாயிடும். வெளியில 5600, வீட்டுல இருக்கிற வெள்ளை எல்இடிக்கு 6500, மஞ்ச பல்புக்கு 3000 கெல்வின். வீட்டுக்குள்ள எடுக்கறப்போ வாசல் வெளிச்சம் போதும்னா டியூப்லைட்டை அணைச்சிடுங்க.

#6 திண்ணைவெளிச்சம்

முகத்தைப் பத்தி ஒரு வார்த்தை. கேமராவின் ஜீப்ரா கோட்டை (குறித்த வெளிச்ச அளவை எட்டிய இடத்தில் திரையில் தெரியும் வரிகள்) 70 சதவீதத்தில் வைத்து, முகத்தில் கோடு விழும்வரை வெளிச்சம் ஏற்று என்று பல வீடியோக்களில் சொல்லித் தருகிறார்கள். அது வெள்ளைத் தோலுக்கான அளவு. கடல் வெயிலில் கறுத்த முகத்தை 70-க்கு ஏற்றினால் சாம்பல் பூசியதுபோல் ஆகும், பின்னால் வானம் வெறும் வெள்ளையாகப் போகும். நம் ஆட்களின் கறுத்த தோல் 45-லிருந்து 55-க்குள் அழகாக நிற்கும். ஜீப்ராவை 95-இல் வைத்து, வெள்ளை வேட்டியும் வானமும் வெடிக்காமல் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. சுண்ணாம்பு அடித்த சுவர் முன் ஆளை நிறுத்தி ஆட்டோவில் எடுத்தால், கேமரா சுவரைச் சாம்பலாக்க முயன்று முகத்தை இருட்டில் தள்ளும். அப்போது ஒன்று, ஒன்றரை ஸ்டாப் கூட்ட வேண்டும்.

சென்னை 13 டிகிரி அட்சரேகை. ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் மதியம் சூரியன் நேர் உச்சந்தலைக்கு வரும். தடைக்காலத்தில் எடுத்தால் காலை 9 முதல் மாலை 4 வரை கண்குழி கறுப்பாகவே இருக்கும். ஆளைப் படகின் நிழலுக்கோ ஓலைக் கொட்டகை விளிம்புக்கோ கொண்டுவந்து, வெயிலில் கிடக்கும் மணலைப் பார்த்து உட்கார வையுங்கள். மணலே ரிஃப்ளெக்டர். போதவில்லை என்றால் வெயில் விழும் இடத்தில் ஒரு நாலு முழ வெள்ளை வேட்டியை விரித்துவிடுங்கள்.

மாலையில் பொன் வெளிச்சத்தில் கடல் என்று கனவு காணாதீர்கள். நம் கடல் கிழக்கே. மாலைச் சூரியன் ஊருக்குப் பின்னால் கட்டடத்துக்குள் இறங்கும். கடலும் சூரியனும் சேர்ந்து வேண்டுமென்றால் விடியல்தான்: ஜூனில் 5.45-க்கு முன்னாலும் ஜனவரியில் 6.30-ஐ ஒட்டியும் உதிக்கும். அதற்கு முந்தைய நீல வெளிச்சம் இருபது நிமிடம்கூட முழுசாக இருக்காது.

#7 பெரம்பூர்_பையன்

ரொம்ப நன்றி. ஏலத்தை விட்டுட்டேன், வலைதான். பேட்டி எப்படி எடுக்கறது? வீட்டுக்குள்ளயா, கரையிலயா?

#8 ஒலிக்காரி

ரெண்டு இடத்துலயும். வேலை செய்யறப்போ கரையில, நிதானமா பேசறது வீட்டுல.

வீட்டுல முதல் எதிரி ஃபேன். ரெண்டாவது ஃபிரிட்ஜ், அது பேச்சு நடுவுல தானா ஓட ஆரம்பிக்கும். ஃபிரிட்ஜை அணைச்சா உங்க வண்டிச் சாவியை அதுக்குள்ள வச்சிடுங்க. இல்லேன்னா மறந்துட்டுப் போயிடுவீங்க, அவங்க வீட்டு மீன் கெட்டுப் போயிடும். ஃபேனை அணைச்சா மே மாசத்துல பத்து நிமிஷத்துக்கு மேல யாரும் உக்கார முடியாது. எட்டு நிமிஷம் பேச்சு, அஞ்சு நிமிஷம் ஃபேன், மறுபடி எட்டு நிமிஷம். நடுவுல முகத்தைத் துடைக்கத் துண்டு கொடுங்க. இல்லேன்னா ஒட்டறப்போ ஒரு ஷாட்ல வேர்வை, அடுத்ததுல இல்லன்னு குதிக்கும்.

கான்கிரீட் அறையில நீளமான ஷாட்கன் மைக் வேணாம். சுவத்துல மோதித் திரும்பற எதிரொலி அதோட பக்கவாட்டுத் துளைகள் வழியா நுழைஞ்சு, குடத்துக்குள்ள பேசற மாதிரி ஆக்கும். காலர் மைக்கே மேல். பாய், தலையணை, துணிமூட்டை எதுவா இருந்தாலும் கேமராவுக்குப் பின்னாடி குவிச்சு வைங்க.

முடிஞ்சதும் எல்லாரையும் அசையாம உக்கார வச்சு, அந்த அறையோட வெறும் சத்தத்தை ஒரு நிமிஷம் பதிவு பண்ணுங்க. வெட்டின இடைவெளியை நிரப்ப அது இல்லேன்னா தவிப்பீங்க.

இன்னொண்ணு: பக்கத்து டீக்கடையில பாட்டு ஓடுதுன்னா நிறுத்தச் சொல்லிக் கெஞ்சுங்க, இல்லேன்னா இடம் மாத்துங்க. பாட்டுக்கு நடுவுல ஒரு வாக்கியத்தை வெட்டினா ராஜா பல்லவியிலேருந்து சரணத்துக்குத் தாவிடுவார், உங்க வெட்டு ஊருக்கே கேக்கும். யூடியூப்ல ஏத்தினா உரிமைக் கோரிக்கையும் வரும்.

#9 வெட்டி_ஒட்டி

எடிட்டிங் பக்கத்திலிருந்து சொல்கிறேன். இங்கிலீஷ் வீடியோக்கள் பார்த்துக் கற்றவர்கள் தமிழ்ப் பேட்டியை வெட்டும்போது தடுமாறுவது ஒரே இடத்தில்: வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் இருக்கிறது.

வலைக்காரர் இப்படிச் சொல்கிறார் என்று வையுங்கள்: "எங்கப்பா விடியக்காலம் கட்டுமரத்துல போயி, பத்து மணிக்குக் கரைக்கு வந்து, சாப்பிட்டுட்டு, மறுபடி வலையை எடுத்துட்டு உக்காந்துடுவாரு." 'வந்து' என்ற இடத்தில் வெட்டினால் குரல் மேலே தூக்கியபடி அந்தரத்தில் நிற்கும். 'உக்காந்துடுவாரு' வரை போய்த்தான் ஆக வேண்டும். ஆனால் இதிலேயே ஒரு சலுகையும் இருக்கிறது. 'சாப்பிட்டுட்டு' என்ற துண்டை நடுவிலிருந்து உருவி எடுத்தாலும் இலக்கணம் கெடாது. எழுவாய் ஒன்றாக இருக்கும்வரை எச்சங்களை எடுத்துவிடலாம். மேலே கையின் ஷாட் ஒன்றைப் போர்த்தினால் வெட்டு தெரியாது.

இங்கேதான் ஆபத்து. '-ஆ' என்று முடிகிற நிபந்தனையை ஒருபோதும் உருவாதீர்கள். "காத்து திரும்புச்சுன்னா கடலுக்குப் போக மாட்டோம்" என்பதை "கடலுக்குப் போக மாட்டோம்" ஆக்கினால் அது பொய். இன்னும் மோசம், கடைசிச் சொல்லை நறுக்குவது. "அவரு பணத்தை எடுத்துக்கிட்டாருன்னு சொல்றாங்க" என்பதில் 'எடுத்துக்கிட்டாரு'வில் வெட்டிவிட்டால், ஊர்ப்பேச்சு அந்த மனிதரின் குற்றச்சாட்டாக மாறிவிடும். ஒரு சொல்தான். அவர் மறுநாள் அதே கரைக்கு வேலைக்குப் போக வேண்டியவர். '-ன்னு', '-ஆம்', 'போல' மூன்றையும் எழுத்துப்படியில் (பேட்டியை அப்படியே எழுதிய தாளில்) வட்டம் போட்டு வைத்துக்கொண்டு பிறகு கத்தரியைத் தொடுங்கள்.

அடுத்தது, எழுவாய். தமிழில் அதைச் சொல்லாமலே பேசலாம். "ஏன் நிறுத்தினாங்க?" என்று கேட்டால் "கட்டுபடியாகல, நிறுத்திட்டாங்க" என்று வரும். உங்கள் கேள்வியை வெட்டிய பிறகு யார் எதை நிறுத்தினார்கள் என்று பார்ப்பவருக்குத் தெரியாது. அதனால் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள்: "நான் கேக்கறது படத்துல வராதுண்ணே, புதுசா ஒருத்தருக்குச் சொல்ற மாதிரி முழுசா சொல்லுங்க." 'ஆமா', 'இல்ல' என்று முடிகிற கேள்விகளைத் தவிர்த்து, 'முதல் முடிச்சு எப்படிப் போடுவீங்க?' என்று கேளுங்கள்.

நீங்கள் 'ம்', 'சரி', 'அப்படியா' கொட்டக் கூடாது. நம் பழக்கத்தில் அது மரியாதை, டிராக்கில் அது குப்பை. தலையை மட்டும் ஆட்டுங்கள். அவர் முடித்ததும் மூன்று நொடி சும்மா இருங்கள். பெரும்பாலும் நல்ல வாக்கியம் அந்த மூன்று நொடிக்குப் பிறகுதான் வரும்.

#10 கடற்கரைச்சாலை

'-ன்னு சொல்றாங்க' விஷயம் நல்ல பாயிண்ட். ஒத்துக்கறேன். சப்டைட்டிலையும் சேர்த்துக்குங்க, அங்கயும் இதே வில்லங்கம். "போனவரு... திரும்பி... வரவே இல்ல"ன்னு அவர் இழுத்துச் சொல்வார். இங்கிலீஷ் வரி மொத்தமா முதல் நொடியிலேயே திரையில வந்தா, அவர் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே பார்க்கறவனுக்குச் செய்தி போயிடும், அவர் முகத்தை யாரும் பார்க்க மாட்டான். வரியை ரெண்டா பிரிச்சு, ரெண்டாவதை அவர் சொல்ற நேரத்துல விடுங்க. ஒரு வரிக்கு 42 எழுத்து, ரெண்டு வரிக்கு மேல வேணாம், ஒரு நொடிக்குக் குறைஞ்சு எதுவும் நிக்கக் கூடாது.

#11 ராயபுரம்_லென்ஸ்

பையனுக்கு ஷாட் கணக்கு. வலை வேலைக்குக் குறைஞ்சது இதெல்லாம்: கொட்டகையும் படகும் சேர்ந்த அகலம், உக்காந்திருக்கிற ஆள் முழுசா, தோளுக்குப் பின்னாலிருந்து வலை, கையும் ஊசியும் மட்டும், கால் (பெருவிரல்ல வலையை மாட்டி இழுத்துப் பிடிப்பாங்க, அதை விடாதீங்க), முகம், அவர் பார்க்கிற இடம். ஒவ்வொண்ணும் அசைக்காம பத்து நொடி. ரெக்கார்ட் அழுத்தினதும் மனசுக்குள்ள எண்ணுங்க, புதுசா எடுக்கறவங்களுக்குப் பத்து நொடின்னு தோணறது நாலு நொடியாத்தான் இருக்கும். ஜூம், பேன் (கேமராவைப் பக்கவாட்டுல திருப்பறது) எதுவும் முதல் மாசம் வேணாம்.

ஊசி நகர்ற திசையைப் பாருங்க. நீங்க அவருக்கு வலப்பக்கம் நின்னு பாதி, இடப்பக்கம் நின்னு பாதி எடுத்தா, ஒட்டறப்போ ஊசி வலமும் இடமுமா தாவும். ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்து அங்கேயே இருங்க. மாறியே ஆகணும்னா நேர் எதிர்ல நின்னு ஒண்ணு எடுத்துட்டு மாறுங்க.

#12 சுவடி

அனுமதி, உரிமை பற்றி யாரும் தொடவில்லை.

துறைமுகத்தில் ஒரு ஆள் போனில் எடுப்பதற்கும், டிரைபாட், மைக், இரண்டு உதவியாளர் என்று இறங்குவதற்கும் வித்தியாசம் உண்டு. படகு உரிமையாளர் சங்கத்திடம் முதலில் வாய்மொழியாகச் சொல்லுங்கள். மீன்வளத் துறை அலுவலகத்தில் ஒரு கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வையுங்கள். டிரோன் ஆசை இருந்தால், 250 கிராமுக்குக் குறைவான நானோ வகைக்கும் 2021 டிரோன் விதிகளின் மண்டல வரம்பு பொருந்தும். அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தில் மண்டல வரைபடத்தைப் பாருங்கள். சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கவே கூடாது. கோயில் திருவிழாவைச் சேர்க்க நினைத்தால், கோயிலுக்குள் செல்போனுக்கு 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தடை சொல்லியிருக்கிறது. தேர் வெளியே வரும்போது எடுங்கள்.

ஒப்புதல் தாளைத் தமிழில் அரைப் பக்கத்துக்கு எழுதுங்கள். என்ன படம், எங்கே காட்டுவீர்கள், யூடியூபில் வருமா, பணம் உண்டா இல்லையா. படிக்க வராதவருக்கு அதையே கேமரா முன் வாசித்துக் காட்டி, சம்மதத்தை அவர் குரலிலேயே பதிவு செய்யுங்கள். சிறுவர் என்றால் பெற்றோர் கையெழுத்து. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். முகத்தை மங்கலாக்கிவிட்டு வீட்டு வாசலையும் தெருப் பெயரையும் காட்டுவதும் அடையாளம் காட்டுவதுதான்.

பழைய படங்கள் வேண்டுமென்றால் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய இதழ்களைப் பாருங்கள். 1957 காப்புரிமைச் சட்டப்படி திரைப்படத்துக்கு உரிமைக்காலம், வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு; ஒளிப்படத்துக்கு, 2012 திருத்தத்துக்குப் பிறகு, எடுத்தவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. அது தீர்ந்தாலும், அச்சுப்படத்தை வைத்திருக்கும் நிறுவனத்துக்குத் தன் நிபந்தனை இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். தமிழில் இந்த வேலைக்கு முன்னோடி ஏ.கே. செட்டியார். 1940-இல் அவர் வெளியிட்ட காந்தி பற்றிய படத்தில் கணிசமான பகுதி, வேறு பலர் வேறு ஊர்களில் எடுத்திருந்ததைத் தேடிப் பிடித்துச் சேர்த்தது. ஆவணப்படத்தில் தேடுவதும் ஒளிப்பதிவுக்குச் சமமான உழைப்புதான்.

அரங்கில் பொதுமக்களுக்குத் திரையிட்டால் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். திரைப்பட விழாக்கள் அதற்குத் தனியாக விலக்கு வாங்கும். கேரளத்தின் ஆவணப்பட, குறும்பட விழா திருவனந்தபுரத்தில் நடக்கிறது, பக்கத்து ஊர் மாதிரிதான், ஒருமுறை பார்வையாளராகப் போய் வாருங்கள்.

#13 பெரம்பூர்_பையன்

பணம் உண்டா இல்லையான்னு தாள்ல எழுதச் சொல்றீங்க. கொடுக்கணுமா? கொடுத்தா நமக்குப் பிடிச்ச மாதிரி பேசிட மாட்டாங்களா?

#14 சுவடி

பத்திரிகைக்காரர்கள் கொடுக்க மாட்டார்கள். காசுக்காகச் சாட்சி சொன்னதாக ஆகிவிடும் என்பது அவர்கள் வாதம். பேட்டிக்குப் பணம் கூடாது என்பதே என் கட்சியும்.

#15 ஒலிக்காரி

நான் ஒத்துக்க மாட்டேன். துண்டு கணக்குல கூலி வாங்கறவரை மூணு மணி நேரம் ஃபேன் இல்லாத அறையில உக்கார வச்சா, அந்த மூணு மணி நேரக் கூலி நம்ம பொறுப்பு. பேச்சுக்கு விலை வேற, இழந்த நேரத்துக்கு ஈடு வேற. முன்கூட்டியே தொகையைச் சொல்லி, என்ன பேசினாலும் அதே தொகைதான்னு தாள்ல எழுதுங்க. அவர் வேலை செய்யறப்பவே கரையில எடுத்தீங்கன்னா நேரமே இழக்கல, அப்போ இந்தக் கேள்வியே வராது. மீன் வாங்கற சாக்குல நூறு ரூபாயைக் கையில திணிக்கறது மட்டும் வேணாம், அதுதான் அசிங்கம்.

#16 திண்ணைவெளிச்சம்

ஒளிப்படத் தொகுப்புக்கு வருகிறேன். வீடியோ எடுக்கும் நாளிலேயே படமும் எடுக்காதீர்கள், இரண்டும் பாதியில் நிற்கும். வீடியோவுக்குச் செயல் தொடர்ந்து நடக்க வேண்டும். படத்துக்கு அந்தச் செயல் உச்சத்தில் நிற்கும் ஒரு கணம் போதும், அதற்கு நிறைய காத்திருக்க வேண்டும். ஒரு ஞாயிறு ஒன்று, அடுத்த ஞாயிறு மற்றது.

வாடகைக் கேமராவில் ஒரே லென்ஸ்: முழு சென்சார் (ஃபுல்ஃபிரேம்) கேமராவுக்கு 35 மிமீ, அதைவிடச் சின்ன ஏபிஎஸ்-சி சென்சாருக்கு 23 அல்லது 24. ரா கோப்பு, அதாவது கேமரா சுருக்காமல் வைக்கும் மூலப் பதிவு. ஷட்டர் 1/250-க்குக் குறையாமல். முன்னூறு எடுத்தால் அறுபதாக, பிறகு பன்னிரண்டாகக் குறையுங்கள். சின்ன அச்சாகப் போட்டுத் தரையில் பரப்பி வரிசை மாற்றிப் பாருங்கள், திரையில் இது நடக்காது. ஒரே விஷயத்தைச் சொல்லும் இரண்டு படம் இருந்தால், அழகானது என்பதற்காக இரண்டையும் வைக்காதீர்கள். ஒவ்வொரு படத்துக்கும் அன்றைக்கே குறிப்பு எழுதுங்கள்: யார், என்ன வேலை, எந்த இடம், எந்தத் தேதி. 'கடலோர வாழ்க்கையின் சோகம்' என்பதெல்லாம் குறிப்பு ஆகாது.

உப்புக் காற்றில் லென்ஸைக் கழற்றாதீர்கள். வீடு திரும்பியதும் வெளிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, பிறகு உலர்துணி. வெறும் உலர்துணியால் துடைத்தால் உப்புப் படிகம் கண்ணாடியைக் கீறும். ஏசி அறையிலிருந்து வெளியே போகும்போது கேமராவைப் பையில் மூடியபடியே அரை மணி வைத்திருங்கள், இல்லையென்றால் கண்ணாடி வியர்க்கும். சென்னை ஈரத்தில் லென்ஸை அலமாரியில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிகா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதமானி, 40-லிருந்து 50 சதவீதம். நீலம் இளஞ்சிவப்பானால் ஜெல்லை வறுத்துக் காய வையுங்கள். தோல் பைக்குள் மட்டும் வைக்காதீர்கள், பூஞ்சைக்கு அதுதான் தாய்வீடு.

#17 வெட்டி_ஒட்டி

சேமிப்புக் கணக்கு: நொடிக்கு 100 மெகாபிட்டில் 4கே எடுத்தால் மணிக்கு 45 ஜிபி. பத்து நிமிடப் படத்துக்கு ஐந்து மணி நேரம் எடுப்பீர்கள் என்று வைத்தால் 225 ஜிபி. இரண்டு டிஸ்க்கிலும் நகல் ஏறி, இரண்டிலும் ஒரு கோப்பைத் திறந்து கடைசிவரை ஓட்டிப் பார்க்கும்வரை கார்டை அழிக்காதீர்கள். வி30 என்று வேகக் குறி போட்ட கார்டு இதற்குத் தாராளம். புதுக் கார்டு எங்கே வாங்கினாலும் முழுக்க நிரப்பிச் சோதியுங்கள். எச்2டெஸ்ட்டபிள்யூ என்று இலவச மென்பொருள் இருக்கிறது, போலிக் கார்டு அதில் மாட்டிக்கொள்ளும்.

போனில் எடுத்தால் இன்னொரு சிக்கல்: ஃபிரேம் வேகம் நிலையாக இருக்காது. தனி மைக்கின் ஒலியை ஆரம்பத்தில் சரியாகப் பொருத்தினாலும் இருபதாவது நிமிடத்தில் உதடு ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம் போகும். எடிட்டிங்கில் ஏற்றுமுன் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நொடிக்கு 25 என்ற நிலையான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றுங்கள். எடிட்டிங் மென்பொருளுக்கு டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பு உங்களுக்குப் போதும். மடிக்கணினி திணறினால் பிராக்ஸி (வெட்டுவதற்கு மட்டும் பயன்படும் சின்ன நகல் கோப்பு) போட்டுக்கொள்ளுங்கள்.

காட்சியைத் தொடுமுன் எல்லாப் பேச்சையும் பேச்சுவழக்கிலேயே எழுதுங்கள், நேரக் குறிப்போடு. செந்தமிழாகத் திருத்தி எழுதினால் எங்கே வெட்டலாம் என்பது மறைந்துவிடும். அச்செடுத்து, கத்தரித்து, சுவரில் ஒட்டி வரிசைப்படுத்துங்கள். பத்து நிமிடப் படத்தில் பேச்சு நாலரை, ஐந்து நிமிடத்துக்கு மேல் தாங்காது. மீதி வேலையும் சத்தமும்.

#18 பெரம்பூர்_பையன்

கேமரா வாங்கல. மைக், ஹெட்போன், டிஸ்க் பட்டியல் போட்டுட்டேன். முதல் நாள் ஷாட் பட்டியல் இது, திருத்துங்க: கொட்டகை அகலம், ஆள் முழுசா, தோளுக்குப் பின்னாடி, கை, கால், முகம், கடல். ஒலிக்குக் காலர் மைக்கும் ஒரு நிமிஷ வெறும் சத்தமும்.

#19 ஒலிக்காரி

வேலையோட சத்தம் எங்க? நைலான் கயிறு உரசறது, ஊசி கண்ணி வழியா நுழையறது, கத்தி நூலை அறுக்கறது. காலர் மைக்கைக் கழட்டி வலையிலேருந்து அரை அடியில பிடிச்சு, ஒவ்வொண்ணையும் ரெண்டு நிமிஷம் தனியா எடுங்க. கை ஷாட்டுக்குக் கீழே போட அதுதான் வேணும்.

#20 ராயபுரம்_லென்ஸ்

'கடல்'னு வெறுமனே போடாதீங்க. அவர் உக்காந்த இடத்துலேருந்து கடல் தெரியுதான்னு முதல்ல பாருங்க. பல கொட்டகையில படகோட பக்கவாட்டுப் பலகைதான் தெரியும். அப்போ அந்தப் பலகையை எடுங்க.

#21 பெரம்பூர்_பையன்

நாளைக்குக் காலையில போய்ப் பார்த்துட்டு எழுதறேன். கேமரா எடுத்துட்டுப் போகல.